ஆங்கிலத்தில் வருவதும் போவதும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என்னை ஆங்கிலம் படிக்க வைத்தது கடல். வீட்டையும் என்னைப் பெற்ற உம்மாவையும் கொண்டுபோய், பதிலுக்கு ஆங்கிலத்தைத் தந்தது. கூடவே ஒரு பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும்.

கடல் வந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். அவர்களில் பலர் அன்று எங்கள் ஊரில் இல்லை. அதனால் நன்றாக எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு நடந்தது மட்டும்தான்.

கல்முனையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். வீடு கடற்கரைப் பக்கம். உம்மா எனக்குக் கலியாணத்தின்போது எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். என் புருஷனும் அப்படித்தான் வந்தார். அவர் தையல்காரர் என்பதால் பெட்டியோடு ஒரு கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். எனக்குப் பிறகு அந்த வீடு என் மகளுக்கு. இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. வாசல் கூட்ட யாராவது விளக்கம் கேட்பார்களா?

வீட்டின் உறுதிப் பத்திரம் ஒரு பால்மா டின்னில் இருந்தது. டின் உம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருந்தது. உறுதி, டின், கட்டில், உம்மா, நான்கும் ஒன்றாகப் போயின.

மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்தோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பதிவு செய்ய ஒருவர் வந்தார். வரிசையில் நின்றது பெண்கள். ஆண்கள் தேடப் போயிருந்தார்கள், அல்லது அடக்கம் செய்யப் போயிருந்தார்கள்.

"குடும்பத் தலைவர் ஆர்?" என்று அவர் கேட்டார்.

எங்கள் ஊரில் எந்தப் பெண் "நான்தான்" என்பாள்? புருஷன் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டுப் பிள்ளையைச் சொல்ல வைக்கிற ஊர். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "வாப்பாட பேரச் செல்லு" என்று அவள் முதுகில் தட்டினேன். சொன்னாள். எழுதினார். எனக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே செய்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே. மரியாதைக்குச் சொன்னோம். சோறு போடும்போது அவருக்குப் பெரிய மீன் துண்டை வைப்பதுபோல. மீன் துண்டு வைத்தால் வீட்டை எழுதிக் கொடுத்ததாகக் கணக்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு தகரக் கொட்டில் தந்தார்கள். தற்காலிகம் என்றார்கள். பகலில் உள்ளே இருந்தால் அவியலாம். மழை பெய்தால் பேசத் தேவையில்லை, கேட்காது.

வாரம் ஒரு நிறுவனம் வந்தது. ஒன்று கோழி தந்தது. கூடு பிறகு வரும் என்றது. கோழி அதற்கு முன்பே போய்விட்டது. இன்னொன்று தையல் மெஷின் தந்தது. பெண்களுக்கு மட்டும் என்றார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான். வாங்கி அவரிடம் கொடுத்தேன். அவர் தைத்தார். நான் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தேன். மூன்றாவதாக வந்த நிறுவனத்துக்குத் தர ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆங்கிலம் தந்தார்கள்.

வகுப்பு ஒரு கூடாரத்துக்குள். வாரத்தில் மூன்று நாள், அசர் தொழுகைக்கு முன். டீச்சர் நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் வரும் தமிழ்ப் பிள்ளை. எங்களை அக்கா என்பார், நாங்கள் டீச்சர் என்போம். எங்களில் பலருக்கு மகள் வயது. கையில் ஒரு போட்டோகொப்பிப் புத்தகம். ஆங்கிலம் படிப்பவர்கள் மாற்றி மாற்றிக் குழப்பும் சொற்கள், இரண்டு இரண்டாக. எழுத்தே தடுமாறுகிற எங்களுக்கு ஏன் முதலில் குழப்பம் என்று கேட்டேன்.

"இந்தப் புத்தகம்தான் மிச்சமாக் கிடந்ததாம் அக்கா," என்றார்.

முதல் நாள் லெண்ட், பொரோ. இரவல் கொடுப்பது லெண்ட். இரவல் வாங்குவது பொரோ. பக்கத்துக் கொட்டிலில் இருந்த மூத்தவர், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், கை உயர்த்தினார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"வாங்கிப்போட்டுத் திருப்பித் தராதவளுக்கு என்ன சொல் டீச்சர்?"

"அதுக்கு இதில சொல் இல்ல அக்கா."

"அப்ப இது எங்கட ஊருக்குச் செய்த புத்தகமில்ல."

இரண்டாம் நாள் ஹியர், லிசின். காதில் விழுவது ஹியர். காது கொடுத்துக் கேட்பது லிசின். கொட்டிலுக்கு வந்துபோன அதிகாரிகளை நினைத்துக்கொண்டேன். முதலாவதை நன்றாகச் செய்தார்கள். பிறகு எக்ஸ்பெக்ட், வெயிட். வரும் என்று நினைப்பது ஒன்று, வரும்வரை இருப்பது மற்றது. தருவதாகச் சொன்ன கல்வீட்டுக்கு நாங்கள் இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தோம். முதலாவதை விட்டு நாளாகிவிட்டது.

ஒரு பக்கத்தில் மிஸ், லூஸ் என்று இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன சொல்வது, ஆளைப் பறிகொடுத்தால் என்ன சொல்வது. டீச்சர் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார்.

திருப்பிய பக்கம் கம், கோ. வருவதும் போவதும். டீச்சர் பலகையில் ஒரு வசனம் எழுதித் தமிழில் சொன்னார்: கலியாணம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போகிறாள்.

கூடாரம் சிரித்தது.

"ஆரு போற?" என்றார் ராத்தா. "எங்க போற? என்னத்துக்குப் போற?"

"புத்தகத்தில அப்படிக் கிடக்கு அக்கா."

"உங்கட நற்பிட்டிமுனையில எப்படி?"

டீச்சர் சோக்குக்கட்டியைக் கையில் உருட்டினார். "எங்கட அம்மாவும் வீடு எனக்குத்தான் வச்சிருக்கிறா. மாப்பிள்ளதான் வரவேணும்."

"பொறகென்ன? அழிச்சிப்போட்டு எழுதுங்க. பொண்ணு இரிக்கா. மாப்பிள வாறார்."

டீச்சர் அழித்து எழுதினார். அந்த வசனம் எங்கள் எல்லோருக்கும் ஒரே தடவையில் மனப்பாடமானது.

அன்றுதான் தண்ணீர்த் தாங்கியில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கல்வீடு கிடைக்கப்போகிறவர்கள் பட்டியல். ஆங்கிலத்தில் மட்டும். வகுப்பு முடிந்ததும் டீச்சரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். அவர் விரல் வைத்து வாசித்தார். ஓனர் என்று ஒரு நிரல். சொந்தக்காரர். அதற்குக் கீழே வரிசையாக எங்கள் புருஷன்மார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மரியாதைக்குச் சொன்ன பெயர்கள், ஒன்றுகூடப் பிசகாமல். ஒரு நாளும் சரியாக எழுதாதவர்கள் அன்று சரியாக எழுதியிருந்தார்கள்.

"என்ட ஊட்டுக்கு அந்தாள் ஓனரா?" என்றார் ராத்தா. "அந்தாளுக்கு எங்கட கிணறு எந்தப் பக்கம் இருந்த எண்டே தெரியா."

சிரித்தோம். கொட்டிலுக்குப் போகும் வழியில்தான் சிரிப்பு நின்றது.

வெள்ளிக்கிழமை மாமி வந்தார். என் புருஷனின் உம்மா. ஜும்ஆ முடிந்து ஆட்கள் பட்டியலைப் பற்றிக் கதைத்ததை யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். கொட்டில் வாசலில் குந்தித் தண்ணீர் குடித்தார்.

"அல்லா என்ட மகனுக்கு ஒரு ஊட்டத் தந்திரிக்கான்."

"ஆருக்கு மாமி?"

"லிஸ்டில அவன்ட பேர்தானே கிடக்கு."

"அது எழுதினவங்க விளங்காம எழுதின."

"இங்கிலிசில எழுதியிரிக்காமே புள்ள. விளங்காமலா இங்கிலிசில எழுதுவாங்க?" செம்பைக் கீழே வைத்தார். "ஊட்டில ஒரு குமர வெச்சிக்கிட்டு நான் எங்க போற? தங்கச்சிக்கு ஊடு குடுக்கிற காக்காட கடம. கட்டின ஊடா வருது. உங்களுக்கு மறுகா அல்லா தருவான்."

எங்களுக்கு எப்போது என்பது மட்டும் மாமிக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாமி சொன்னது பொய்யில்லை. அதுதான் சங்கடம். என் மச்சிக்கு, அதாவது அவருடைய தங்கச்சிக்கு, பதினேழு வயது. அவளுக்கென்று ஒரு வீட்டைச் சுவர் மட்டத்துக்குக் கட்டி வைத்திருந்தார்கள். அதையும் கடல் கொண்டுபோனது. ஆனால் அதில் ஆள் குடியிருக்கவில்லை. ஆள் இல்லாத வீடு போனால் அது சேதத்தில் சேராது என்று பதிவுக்காரர் சொல்லிவிட்டார். மாமியின் பழைய வீடு பாதி நின்றது. அதற்கு இரண்டு மூட்டை சீமெந்து கிடைத்தது. எங்கள் ஊரில் காக்கா என்கிற அண்ணனும் வாப்பாவும் வீடு கட்டிக் கொடுத்தால்தான் ஒரு குமர்ப் பெண் கரை சேரும். மச்சிக்கு வாப்பா இல்லை. இருந்தது என் புருஷன் மட்டும்.

வீடு அவர் பெயரில் வந்தால் தங்கச்சிக்குக் கொடு என்று ஊரே சொல்லும். அவருக்கு மறுக்க வாய் இராது. அது மச்சிக்குப் போனால் என் மகளுக்கு வீடு இல்லை. வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அவரிடம் சொன்னேன். மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"ஆருட பேரில இருந்தா என்ன? நாமதானே இரிக்கப் போற."

"ஒண்டுமில்லயெண்டா என்ட பேரில இரிக்கட்டும்."

மெஷின் நின்றது. மறுபடி மிதித்தார்.

வீடு கட்டும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு கழுத்துப்பட்டிக்காரர். உம்மா எழுதித் தந்தது, பால்மா டின், மாமி, மச்சி, மகள், எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. கழுத்துப்பட்டிக்காரர் அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் தலையாட்டினார்.

சரி, இதற்குத்தானே படித்தேன் என்று நானே தொடங்கினேன். "மை மதர் கிவ் ஹவுஸ். மீ. ஹஸ்பண்ட் கம். ஐ நோட் கோ."

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஆங்கிலம் ஒரு ஆளை அழவைக்கிறது. அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"புருஷன் அடிக்கிறாரா எண்டு கேக்கிறாங்க," என்றார் கழுத்துப்பட்டிக்காரர்.

"அடிச்சா வெளிய போடுவன் எண்டு செல்லுங்க. அதுக்குத்தானே ஊடு."

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

நான் அழுததாக யாரோ எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பெண்களும் சொத்து வைத்திருக்கலாம் என்பது பாடம். கொழும்பிலிருந்து ஒரு மேடம் பெரிய தாள்களோடு வந்தார். ஒரு தாளில் ஒரு பெண் வீட்டைக் கையில் ஏந்தி நின்றாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. எங்கள் பட்டியலில் இல்லாதவள். பெண்களே, தயங்காதீர்கள், உங்களாலும் ஒரு வீட்டுக்கு உரிமையாளராக முடியும் என்றார் மேடம்.

ராத்தா எழும்பினார். "எங்கட கையில கிடந்தத எடுத்துப்போட்டு, எடுக்கலாம் எண்டு படிச்சித் தாறீங்களா மேடம்?"

மேடம் சிரித்துத் தாளில் எழுதினார்: நல்ல கேள்வி. பிறகு சோற்றுப் பார்சல் தந்தார்கள். கோழி. எங்களுக்குத் தந்துவிட்டுப் போன கோழிகளில் ஒன்றாக இருக்கலாம்.

கடைசியில் வழி சொன்னது, பட்டியலுக்குப் பொறுப்பாக இருந்த எங்கள் பக்கத்து அலுவலர் ஒருவர். வழி எளிது.

"உறுதி இல்லாட்டி ஒங்கட புருஷன் வரவேணும். ஊடு தன்டயில்ல எண்டு எழுதிக் கையெழுத்து வெக்கவேணும். வெச்சா பேர மாத்தலாம்." பிறகு அவரே சொன்னார்: "எந்த ஆம்பிள வெப்பான்?"

அதையும் என் புருஷனிடம் வந்து சொன்னேன். ஒரு வாரம் தைத்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதில் எதுவாக இருந்தாலும் அதோடுதான் இருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஸ்திரி போட்ட சேர்ட்டை எடுத்தார். எப்படித்தான் மாமிக்குத் தெரிந்ததோ, அவர் செருப்பை மாட்டும் முன் மாமி வாசலில் நின்றார்.

"மகன், நீ கையெழுத்து வெச்சா நான் ஒன்ட உம்மா இல்ல."

அவர் ஒரு செருப்பை மாட்டினார். "உம்மா, வாப்பாக்கு எந்த ஊட்டில சோறு போட்டீங்க?"

"என்ட ஊட்டில."

"வாப்பா எழுதிக் கேட்டாரா?"

மாமி அவர் இன்னும் மாட்டாத செருப்பைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"ஒன்ட தங்கச்சி என்ன செய்ய?"

"அது என்ட கடம. இவட ஊட்டுட கடம இல்ல."

மற்றச் செருப்பையும் மாட்டினார்.

அலுவலர் தாளைத் தள்ளினார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "ஏன் காக்கா, கைக்கு வாற ஊட்ட வேணாங்கிறீங்க?"

"நான் வந்த ஆள் சேர். ஊடு அவவுட."

"பின்னுக்குக் கவலப்படுவீங்க."

"இப்பவே படுறன் சேர். எங்க வெக்கிற?"

வைத்தார். ராத்தாவின் புருஷன் வைக்க எட்டு மாதம் எடுத்தது. அதுவும் ராத்தா வாயால் நடந்தது. வேறு சிலர் வைக்கவே இல்லை. அந்த வீடுகளில் சிலவற்றில் இன்றைக்குத் தங்கச்சிமார் இருக்கிறார்கள்.

பிறகு யுத்தம் மறுபடி தொடங்கி வீதி கெட்டது. ஒவ்வொரு சந்தியிலும் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். டீச்சர் இரண்டு நாள் வரவில்லை, ஒரு நாள் வந்தார், பிறகு வரவில்லை. பிஸ்கட்டும் நின்றது. புத்தகத்தில் பாதிதான் முடிந்திருந்தது. மிச்சப் பாதிச் சொற்களை இன்றைக்கும் குழப்பித்தான் வைத்திருக்கிறேன்.

கல்வீடு வந்தது. என் பெயரில். இரண்டு அறை. அடுப்படி போட மறந்துவிட்டார்கள், ஆனால் வாசலில் நிறுவனத்தின் பெயரைக் கல்லில் பதிக்க மறக்கவில்லை. அவர் அந்த வீட்டில் ஒரு மாதம் படுத்தார். பிறகு கட்டாருக்குப் போனார், தங்கச்சிக்கு வீடு கட்ட. கம்பனிக்காரர்களின் உடுப்புத் தைக்கிற வேலை. கத்தரிக்கோலைக் கொண்டுபோனார். அவர் வைத்த கையெழுத்துக்கு அவர் கொடுத்தது அந்த வருஷங்கள். எனக்கும் அதில் பங்கு உண்டு. வீடு இருந்தது, ஆள் இல்லை.

மாமி என் வாசலை மிதிக்கவில்லை. வழியில் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பார்ப்பார்.

யுத்தம் முடிந்த அன்று கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். சிலர் கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். நான் மகளை உள்ளே கூப்பிட்டேன். வெடியை நம்பிப் பழக்கமில்லை. அவர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார்.

"முடிஞ்சிதாம்."

"ஓம். சத்தம் கேக்குது."

"தங்கச்சிட ஊட்டுக்குக் கூர போட்டாச்சா?"

"ஓடு ஏத்துறாங்க."

"சரி," என்று வைத்துவிட்டார். யுத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த கதை அவ்வளவுதான்.

ஓடு ஏற்றி முடிந்து, மச்சிக்கு மாப்பிள்ளையும் பேசி முடிந்த கிழமை, மாமி என் வாசலில் வந்து நின்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு. ஸலாம் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படியில் இருந்தார்.

"புள்ள, ஒனக்கு இங்கிலிசு தெரியும்தானே."

"பாதி மாமி."

"பாதி காணும். நாளைக்கு உறுதி எழுதுற. அந்த நொத்தாரிசு இங்கிலிசிலதான் எழுதுவாராம். கூட வா. அவன்ட பேர் ஒரு இடத்திலயும் வரப்படா."

"ஆருட பேர்?"

"ஒன்ட புருஷன்ட. காசு அனுப்பினவன் எண்டு அவன்ட பேரயும் எங்கயாவது செருகிப்போடுவாங்க."

"வந்தா என்ன மாமி? சொந்தக் காக்காதானே."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "காக்காவா இருந்தா என்ன? அவன் ஒன்ட ஊட்டில இரிக்கிற ஆள். நாளைக்கு ஒன்ட மகள் வந்து வாப்பாட பங்கு எண்டு நிப்பாள். இது என்ட மகள்ட ஊடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "வாறன் மாமி," என்றேன்.

மறுநாள் உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் அந்தத் தாளை என் கையில் தந்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். நொத்தாரிசு இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமி அவரைப் பார்த்தார், அவர் மணிக்கூட்டை விட்டார். மச்சியின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. என் புருஷன் பெயர் எங்கும் இல்லை.

"சரி மாமி. வெக்கலாம்."

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தன்."

"மறுகாலும் ஒருக்காப் பாரு புள்ள."

மறுபடி முதல் வரியில் விரல் வைத்தேன்.